டிவி போச்சு என்றால் எது போச்சு?

மாங்காய் முற்றி வருகிற சித்திரை மாதத்தில் எங்கள் பக்கம் ஒரு மழை பெய்யும். தண்ணீர் கொஞ்சம்தான், காற்றும் இடியும் அதிகம். அந்த மழைக்கு மறுநாள் காலையில் பாலக்கோடு, காரிமங்கலம், காவேரிப்பட்டணம் என்று எந்த ஊர் ரிப்பேர் கடைக்குப் போனாலும் வாசலில் போர்வை சுற்றிய டிவிகள் சாய்ந்து நிற்கும். தூக்கிக்கொண்டு வந்தவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "டிவி போயிடுச்சுண்ணா, கொஞ்சம் பாருங்க." அடுத்த கேள்வியும் அதே மூச்சில் வரும்: "ரெடி பண்ணலாமா, இல்ல புதுசே வாங்கிடட்டுமா?"

இந்த இரண்டாவது கேள்வி சீக்கிரம் வந்துவிடுகிறது என்பதுதான் நான் சொல்ல வருவது. டிவிக்குள் எது போயிருக்கிறது என்று தெரியாமல் ரிப்பேரா புதுசா என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுப்பது, காய்ச்சல் என்ன காய்ச்சல் என்று பார்க்காமலே ஆபரேஷனுக்கு நாள் குறிப்பது மாதிரி. நாங்களும் அதைத்தான் செய்தோம்.

ஆறு வருஷம் ஓடிய 32 அங்குல டிவி. ஒரு நாள் ராத்திரி சீரியல் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை இருட்டாகிவிட்டது, சத்தம் மட்டும் ஜோராக வருகிறது. "படமே வரல, ஆறு வருஷம் உழைச்சாச்சு, போதும்ப்பா அதுக்கு" என்றார் அம்மா. நானும் தர்மபுரியில் இரண்டு கடைகளில் விலை கேட்டு, எக்ஸ்சேஞ்சுக்கு எவ்வளவு போடுவார்கள் என்றுகூட விசாரித்துவிட்டேன். மச்சான்தான், வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை காட்டிடுங்க என்று தெரிந்த மெக்கானிக்கை அனுப்பினார். அவர் வந்ததும் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவில்லை. "அந்த ட்யூப் லைட்டை அணைங்கம்மா" என்றார். டிவியை ஆன் செய்து சத்தம் வந்ததும், செல்போன் டார்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் சாய்வாகப் பிடித்தார். வெளிச்சம் விழுந்த அந்தக் கையகல இடத்தில் மட்டும், பழைய போட்டோ நெகட்டிவ் மாதிரி மங்கலாக, ஒரு பெண் முகம் பேசிக்கொண்டிருந்தது. டார்ச்சை நகர்த்த நகர்த்தப் பின்னால் இருந்த சோபா, கதவு, சுவர் என்று படம் முழுக்க அங்கே ஓடிக்கொண்டிருந்தது. "படம் இருக்குதும்மா, பின்னாடி லைட்டுதான் எரியல" என்றார். ஆக, அம்மா படமே வரவில்லை என்று சொன்னதும் நான் நம்பியதும் தப்பு. படம் வந்துகொண்டுதான் இருந்தது.

எல்.இ.டி. டிவி என்று நாம் சொல்கிற பெட்டி உண்மையில் எல்.சி.டி. திரைதான். அந்தத் திரை தானாக ஒளிராது. அது ஒரு கண்ணாடிச் சல்லடை மாதிரி, பின்னால் இருந்து வருகிற வெள்ளை வெளிச்சத்தைப் புள்ளி புள்ளியாக மறைத்தும் விட்டும் படமாக்குகிறது. அந்த வெளிச்சத்தைக் கொடுப்பதுதான் எல்.இ.டி., அதனால் அந்தப் பெயர். (ஓ.எல்.இ.டி. என்று விலை கூடுதலாக வருவது வேறு வகை, அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், இங்கே சொல்கிற டார்ச் சோதனை அதற்குப் பொருந்தாது.) ஆக நம் வீட்டு டிவியின் உள்ளே பெரிதாக நான்கு சமாச்சாரங்கள்: கரண்ட்டை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் பவர் போர்டு, படத்தையும் சத்தத்தையும் கையாளும் மெயின் போர்டு, பேக்லைட் என்கிற எல்.இ.டி. பட்டைகள், கடைசியாக பேனல் என்கிற திரை. பெரிய டிவிகளில் மெயின் போர்டுக்கும் பேனலுக்கும் நடுவில் டி-கான் என்று ஒரு சின்ன போர்டு தனியாக இருக்கும். விலை குறைந்த டிவிகளில் பவரும் மெயினும் ஒரே போர்டில் சேர்ந்தே வருகின்றன.

எங்கள் வீட்டில் போனது பேக்லைட். அதைக் கழற்றுவதை நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். கட்டில் மேல் மெத்தை விரித்து டிவியைக் குப்புறப் படுக்கவைத்து, பின்மூடியை எடுத்து, போர்டுகளின் வயரை உருவி, அப்புறம் நிமிர்த்தி, சுற்றுச் சட்டத்தைக் கழற்றி, பேனலை மட்டும் ரப்பர் கப் வைத்து இழுத்துத் தூக்கினார்கள். அதற்கு இரண்டு ஆள் வேண்டும், கண்ணாடி கொஞ்சம் வளைந்தாலும் போச்சு. அதன் அடியில் மூன்று வெள்ளைத் தாள், ஒன்று பால் மாதிரி தடிமனாக, மற்றது இரண்டும் பட்டுத்துணி மாதிரி மினுமினுப்பாக. எல்லாம் எடுத்த பிறகு அடியில் மூன்று பட்டைகள், ஒவ்வொன்றிலும் அரை கோலிக்குண்டு அளவு லென்ஸ் ஒட்டிய சின்னச் சின்ன பல்புகள். டெஸ்டரின் இரண்டு முனையையும் வைத்துக்கொண்டே போனார். ஒன்று எரிந்தது, இரண்டு எரிந்தது, நடுப்பட்டையில் நாலாவது எரியவில்லை. லென்ஸைத் தட்டி எடுத்தால் மஞ்சள் புள்ளி நடுவில் ஊசிமுனை அளவுக்குக் கறுத்திருந்தது. அவ்வளவுதான் கோளாறு.

மாரியம்மன் பண்டிகைக்குத் தெருவில் கட்டுகிற சீரியல் செட் ஞாபகம் இருக்கிறதா, ஒரு பல்பு போனால் ஒரு வரிசையே அணையுமே, அதே கதைதான் இது. பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராகக் கோத்திருக்கிறார்கள். ஒன்று அறுந்தால் அத்தனைக்கும் கரண்ட் நின்றுவிடும், மொத்தத் திரையும் இருட்டு. "அந்த ஒண்ணை மட்டும் மாத்தினா செலவு கம்மிதான், ஆனா மத்ததெல்லாம் அதே வயசு" என்று சொல்லி மூன்று பட்டையையும் புதிதாகப் போட்டார். நான் கேட்டுத் தெரிந்துகொண்டதில் இதுதான் சரியான வழி, ஒற்றை பல்பு மாற்றிய டிவிகள் சில மாதத்தில் மறுபடி கடைக்கு வந்து நிற்பதை அப்புறம் நானே பார்த்திருக்கிறேன். எல்லாம் சேர்த்து 1,600 ரூபாய் ஆனது. நான் விசாரித்து வைத்திருந்த புது டிவி 13,000-க்கு மேல். போகும்போது மெனுவுக்குள் போய் பேக்லைட் அளவை நூறிலிருந்து அறுபதுக்குக் குறைத்துவிட்டுப் போனார். இந்த பல்புகளைக் கொல்வது சூடு, முழு வெளிச்சத்தில் ஓட ஓட சூடு ஏறும் என்பதால். இதை டிவி வாங்கிய அன்றைக்கே எல்லாரும் செய்யலாம், காசு செலவில்லை.

இப்போது பேனலுக்கு வருவோம், முடிவைத் தீர்மானிப்பது இதுதான். ஒரு டிவியின் அடக்க விலையில் பாதிக்கு மேல் பேனலுக்கே போகிறது. ஓப்பன் செல் என்று சொல்கிற அந்தக் கண்ணாடி பெரும்பாலும் சீனாவிலிருந்துதான் இறக்குமதியாகிறது, இங்கே டிவி தயாரிப்பு என்று நடப்பதில் பெரும்பகுதி அதை வாங்கிப் பெட்டிக்குள் பொருத்துவதுதான். அதனால் பேனல் உடைந்து கம்பெனி சர்வீஸில் கேட்டால், புது டிவி விலையை ஒட்டி ஒரு தொகை சொல்வார்கள், அதற்கு மேல் வேலைக்கூலி. பையன் எறிந்த பந்து பட்டுத் திரையில் சிலந்தி வலை விழுந்திருந்தால், அல்லது ஒரு மூலையில் மை கொட்டின மாதிரி கறுப்பு பரவியிருந்தால், யாரிடமும் கொண்டுபோய் அலைய வேண்டாம். அந்த டிவி முடிந்தது.

கோடு விழுவது கொஞ்சம் வேறு. திரையில் மேலிருந்து கீழாக ஒரு கோடோ, ஒரு கற்றைக் கோடுகளோ நிரந்தரமாக நின்றால் பெரும்பாலும் பேனல் விளிம்பில் ஒட்டியிருக்கும் பிலிமில் கோளாறு. கண்ணாடிக்கும் அதற்குச் செய்தி கொண்டுபோகும் பலகைக்கும் நடுவில், வாழைப்பட்டைச் சருகு மாதிரி மெல்லிய, வளையக்கூடிய பட்டைகள் ஒட்டப்பட்டிருக்கும். இவை பல டிவிகளில் கீழ் விளிம்பில்தான் இருக்கின்றன. என் சித்தி வீட்டில் பொங்கலுக்கு வீடு துடைக்கும்போது டிவியையும் ஈரத்துணியால் மேலிருந்து கீழாக நன்றாகத் துடைத்தார்கள். சித்தி எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். கண்ணாடியில் வழிந்த தண்ணீர் சட்டத்துக்குள் இறங்கி அந்த விளிம்பில் தங்கிவிட்டது. மாட்டுப்பொங்கல் அன்று ஒரு பச்சைக் கோடு, வாரம் கழித்து ஐந்து கோடு, மாதக் கடைசியில் பாதித் திரை வெள்ளை. கழற்றிப் பார்த்தபோது அந்தப் பட்டையின் ஓரத்தில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது, செம்புக் குடத்தில் பிடிக்குமே, அதே பச்சை. நல்ல நிலையில் இருந்த டிவி இரண்டு சொட்டுத் தண்ணீரில் போனதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை. திரையில் நேராக எதையும் தெளிக்காதீர்கள். காய்ந்த மெல்லிய துணி போதும், ரொம்ப அழுக்கென்றால் துணியைப் பட்டும் படாமல் நனைத்துப் பிழிந்து துடையுங்கள்.

இந்தப் பட்டையை மறுபடி ஒட்டிக் கொடுக்கிற மெஷின் பெரிய ஊர்களில் இருக்கிறது, பாண்டிங் என்பார்கள். நின்றுவிட்டால் அதிர்ஷ்டம். பெரிய டிவி, வாங்கி இரண்டு மூன்று வருஷம்தான் ஆகிறது, கேட்கிற தொகை சின்னது என்றால் முயற்சி செய்யலாம். 32 அங்குலத்துக்கு நான் செய்யமாட்டேன். ஆனால் கோடு தெரிந்ததும் பேனல்தான் என்று முடிவுகட்டவும் கூடாது, சில சமயம் டி-கான் போர்டோ அதற்குப் போகும் வயரோதான் காரணமாக இருக்கும். மெனுவைத் திறந்தால் மெனுவின் மேலும் அதே இடத்தில் கோடு விழுகிறதா என்று பாருங்கள். விழவில்லை, டிஷ்ஷில் வரும் படத்தில் மட்டும்தான் என்றால் கோளாறு டிவியில் இல்லை, செட் டாப் பாக்ஸிலோ ஒயரிலோ இருக்கிறது.

அடுத்தது கரண்ட் சமாச்சாரம், தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று எங்கள் இரண்டு மாவட்டத்திலும் மழைக்காலத்தில் நடப்பது இதுதான். சிவப்பு லைட்கூட எரியவில்லை, செத்த மாதிரி கிடக்கிறது என்றால் பயப்படத் தேவையில்லை, பெரும்பாலும் சின்னக் கோளாறாக இருக்கும். வீட்டுக்கு வருகிற 230 வோல்ட் ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் உள்ள அளவு. காற்றில் கம்பத்து நியூட்ரல் கம்பி அறுந்தால், இரண்டு ஃபேஸுக்கு நடுவில் உள்ள 400 வோல்ட் வீடுகளுக்குள் பங்கு பிரிந்து வரும், யார் வீட்டில் லோடு குறைவோ அவர்கள் வீட்டில் வோல்டேஜ் எகிறும். தெருவே மொத்தமாக டிவியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருவது இதனால்தான். பவர் போர்டின் வாசலில் நீல நிறத்திலோ வேறு நிறத்திலோ பொட்டு மாதிரி வட்டமாக ஒரு பாகம் இருக்கும், வேரிஸ்டர். வோல்டேஜ் எகிறினால் அது தானே வெடித்து, ஃபியூஸையும் எரியவைத்து, உள்ளே இருப்பதைக் காப்பாற்றிவிடும். எம்.ஓ.வி. என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். அது மட்டும் போயிருந்தால் சில நூறு ரூபாயில் டிவி வீடு திரும்பும். பல்லி உள்ளே புகுந்து போர்டில் குறுக்கே விழுந்து செத்துக் கிடப்பது, கரண்ட்டைச் சேர்த்துவைக்கிற கெப்பாசிட்டர் மேல் வீங்கிப்போவது, இவையும் இதே வகைச் செலவுதான்.

இடி இறங்கிய கேஸ் மட்டும் மோசம். அது கரண்ட் வழியாகத்தான் வரும் என்றில்லை. மொட்டை மாடியில் இருக்கும் டிஷ்ஷிலிருந்து கேபிள் வழியாக செட் டாப் பாக்ஸுக்கு, அங்கிருந்து எச்.டி.எம்.ஐ. ஒயர் வழியாக நேராக மெயின் போர்டுக்கு. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டோமே என்பவர்களுக்கும் இதனால்தான் போகிறது. பிடுங்கினால் டிஷ் கேபிளையும் சேர்த்துப் பிடுங்க வேண்டும். சில சமயம் அந்த ஒரு எச்.டி.எம்.ஐ. வாய் மட்டும் செத்திருக்கும், மற்றது வேலை செய்யும். மாற்றிச் சொருகிப் பார்க்காமலே டிவி போச்சு என்று கொண்டுவருபவர்கள் உண்டு.

மெயின் போர்டே போனால் ஒரிஜினல் போர்டு கிடைப்பதுதான் பாடு. மாடல் பழசானால் கம்பெனியே கைவிரித்துவிடும். எங்கள் பக்கத்து மெக்கானிக்குகள் எலெக்ட்ரானிக்ஸ் பாகக் கடைகள் இருக்கும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் சொல்லி வரவழைக்கிறார்கள், கிருஷ்ணகிரியிலிருந்து அது கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர்தான், ஓசூர்க்காரர்களுக்கு இன்னும் பக்கம். அங்கேயும் இல்லையென்றால் பல மாடலுக்கும் பொருந்துகிற யுனிவர்சல் போர்டு. படம் வரும், சத்தம் வரும், ஆனால் ரிமோட் மாறும், ஸ்மார்ட் வசதி போனாலும் போகும். வீட்டில் வயதானவர்கள் நாலு சேனல் பார்க்க அது தாராளம். பேனலுக்குத் தகுந்த செட்டிங் தெரிந்தவர் போட வேண்டும், இல்லாவிட்டால் நன்றாக இருக்கும் பேனலையும் கெடுத்துவிடுவார். லோகோ வந்து அப்படியே நின்றுவிடுகிற டிவிக்கு பல நேரம் பென் டிரைவில் சாஃப்ட்வேர் ஏற்றினாலே சரியாகிவிடும். ஆப் ஓடவில்லை, மெதுவாக இருக்கிறது என்பதற்காக டிவியையே மாற்றுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரு டிவி ஸ்டிக் வாங்கிச் சொருகினால் போதும், பேனல் இன்னும் பல வருஷம் உழைக்கும்.

சரி, காசுக் கணக்கு. ரிப்பேர் செலவு புது விலையில் பாதியைத் தாண்டினால் விட்டுவிடு என்று பொதுவாகச் சொல்வார்கள். அது கொஞ்சம் தாராளமான கணக்கு என்பது என் எண்ணம். பேனல் நன்றாக இருந்து, செலவு மூன்றில் ஒரு பங்குக்குள் வந்தால் யோசிக்காமல் ரிப்பேர் செய்யுங்கள். பாதி வரை என்றால் டிவிக்கு ஐந்து வயதுக்குள் இருக்க வேண்டும். ஒரு வருஷத்துக்குள் இரண்டாவது தடவை வேறு பாகம் போனால் நிறுத்திவிடுங்கள். இந்தக் கணக்கில் நம்மவர்கள் செய்கிற தப்பு, 32 அங்குலத்தின் ரிப்பேர் செலவை 43 அங்குலப் புது டிவியின் விலையோடு ஒப்பிடுவது. பெரிய திரை வேண்டும் என்று ஆசை இருந்தால் தாராளமாக வாங்குங்கள், ஆனால் அது ஆசைக்கான செலவு, பழையது கெட்டதற்கான செலவில்லை என்று தெரிந்தே வாங்குங்கள்.

புது விலையும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகக் குறைந்தது. வரிக்கு முன் 30,000 ரூபாய் டிவி முன்பு 38,400, இப்போது 35,400. அதனால் 43 அங்குலத்துக்குப் பழைய விலையை மனதில் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். 32-க்கு முன்பும் 18தான், அதில் மாற்றம் இல்லை. கரண்ட் மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் அதையும் போட்டுப் பாருங்கள்: 50 வாட் டிவி தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 15 யூனிட். புதியது அதில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் பிடித்தாலும் 5 யூனிட். அதற்காக டிவி மாற்றக் காரணமே இல்லை.

எக்ஸ்சேஞ்ச் என்று சொன்னால், பழைய டிவி கொடுக்காமல் ரொக்கமாக வாங்கினால் என்ன விலை என்று முதலில் கேளுங்கள். இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் பழைய டிவிக்கு உண்மையில் கிடைக்கிற தொகை. பல சமயம் அது ஒன்றுமில்லாமல் இருக்கும்.

மெக்கானிக்கிடம் போகும்போது டிவிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் மாடல் நம்பரை போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, மூன்று விஷயம் கேளுங்கள்: எந்த பாகம் போயிருக்கிறது, போடுவது ஒரிஜினலா யுனிவர்சலா, எத்தனை மாதம் கேரண்டி. கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். முகம் சுளிக்காமல் பதில் சொல்பவர் நல்ல மெக்கானிக். பேனல்தான் என்று சொன்னால் அதை எப்படிச் சொல்கிறார் என்று காட்டச் சொல்லுங்கள், ஏனென்றால் அந்த ஒரு வார்த்தையில் டிவியின் ஆயுசு முடிகிறது.

வாரண்டிக்குள் இருப்பவர்கள் வெளியே கழற்றவே கழற்றாதீர்கள். இங்கே நிறைய பேர் பெங்களூருவில் போய் வாங்குகிறோம், பிரச்சினை என்றால் அங்கேதான் போய் மல்லுக்கட்ட வேண்டுமோ என்று விட்டுவிடுகிறோம். அப்படி இல்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ உள்ள நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். அதற்கு முன்னால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குச் சொல்லிப் பாருங்கள்.

கடைசியில் வேண்டாம் என்று முடிவான டிவியை என்ன செய்வது? பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் காலத்துப் பழக்கத்தில் தெருவில் வருபவரிடம் கொடுத்துவிடுகிறோம். 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த 14 அங்குல கலர் டிவிகள் இன்னும் பல வீட்டுப் பரணில் கிடக்கின்றன. அந்தப் பழைய ட்யூப் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, அதன் கழுத்தில் சுற்றிய செம்புக்காக ட்யூபை உடைத்து, கண்ணாடியை ஏரிக்கரையில் கொட்டிவிட்டுப் போகிறார்கள். எல்.இ.டி. வருவதற்கு முந்தைய எல்.சி.டி. டிவிகளின் விளக்கில் பாதரசம் உண்டு. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகள்படி, பழைய டிவி முறையான மறுசுழற்சிக்குப் போகும்படி பார்ப்பது தயாரித்த கம்பெனியின் பொறுப்பு. அவர்கள் சேவை எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள், கேட்க நமக்கு உரிமை உண்டு. ட்யூப் டிவியை மட்டும் வீட்டில் யாரும் திறக்காதீர்கள், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளைத் தூக்கி அடிக்கிற அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.

எங்கள் 32 அங்குலம் பேக்லைட் போட்ட பிறகு மூன்று வருஷத்துக்கு மேல் ஓடியது. போன தை மாதம் பேத்தி ஸ்டூலைத் தள்ளியதில் பேனல் விரிசல் விட்டது. இந்தத் தடவை யாரையும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை, நேராக அதே மெக்கானிக்கின் கடைக்குத் தூக்கிப்போய்க் கொடுத்தேன். மெயின் போர்டையும் அவர் போட்ட அந்த மூன்று பட்டையையும் கழற்றி எடுத்துக்கொண்டு 700 ரூபாய் கொடுத்தார். நல்லம்பள்ளியிலிருந்து இடி விழுந்து வந்த இதே மாடல் டிவி ஒன்று போர்டு கிடைக்காமல் இரண்டு மாதமாக அவர் கடையில் காத்திருந்தது. அன்றைக்குச் சாயங்காலமே அதைப் போட்டு ஆன் செய்து, படம் வருவதை வீடியோ எடுத்து எனக்கு அனுப்பினார்.